மகா மளுவ: கண்டிச் சதுக்கமும் நுழைவு அனுமதியும்

கண்டி நகர மையத்திலிருந்து தென்னக்கும்புர, திகன, தெல்தெனிய பக்கம் போகிற பஸ்கள் குளத்தைச் சுற்றிச் செல்கின்றன. நேர்வழி ஒன்றும் உண்டு. குயின்ஸ் ஹோட்டல் மூலையில் தொடங்கி, ஒரு பக்கம் நாத, பத்தினி முதலிய தெய்வங்களின் தேவாலயங்களையும் மறுபக்கம் குளத்தையும் வைத்துக்கொண்டு, புத்தரின் புனித தந்த தாது இருக்கும் தலதா மாளிகையின் வாசலை ஒட்டிப் போகும் வீதி அது. 1998 ஜனவரி 25ஆம் திகதி அதிகாலையில் அங்கே குண்டு வெடித்த பிறகு அது வாகனங்களுக்கு மூடப்பட்டது. போர் 2009இல் முடிந்தது. வீதி மூடியே இருக்கிறது.

ஒரு வீதியை மூடியதைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாளிகை முன்றிலில் யார் நுழையலாம், எந்தப் பக்கத்தால் வரலாம், எதுவரை போகலாம் என்பவற்றை ஒவ்வோர் ஆட்சியும் தன் வசதிக்கேற்ப எழுதியும் அழித்தும் வந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு மூடல் அந்த வரிசையில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். இங்குள்ள கட்டடங்களின் அழகை எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். நுழைவு விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. மலையகத் தமிழருக்கு இதில் தனி அக்கறை இருக்கவும் காரணம் உண்டு. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்வதற்குப் பத்தாண்டுகள் முன்னால், தென்னிந்தியத் தமிழ் ஆண்கள் இந்த மலைநாட்டுக்குள் திரும்பி வரக் கூடாது என்று எழுதிய ஆவணம் இந்த முன்றிலில்தான் வாசிக்கப்பட்டது.

எது இந்தச் சதுக்கம்

மகா மளுவ என்று இன்று அழைக்கப்படுவது குளத்தின் வடகரையில் விரிந்து கிடக்கும் புல்வெளி. ஆனால் அதை மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றும் புரியாது. மேற்கே நகரத்தின் கடைத்தெருவான தலதா வீதியின் முனை. கிழக்கே அகழியும், அகழிக்கு மேலே எண்கோண வடிவப் பத்திரிப்புவவும், அதன் பின்னால் தலதா மாளிகையும். மாளிகையை ஒட்டி மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபம். அதற்கும் அப்பால் பழைய அரண்மனையின் மிச்சங்கள். வடக்கே நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், இரண்டுக்கும் அருகே செங்கல் நிறத்தில் புனித பவுல் ஆலயம், சற்று மேலே மகா விஷ்ணு தேவாலயம். இத்தனைக்கும் நடுவில் இருக்கிற வெளிதான் கண்டியின் சதுக்கம். 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தத் தகுதியின் இதயமாக இருந்ததும் இந்தப் பகுதிதான்.

இவற்றுள் வயதில் மூத்தது நாத தேவாலயம். 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தைச் சேர்ந்தது. கல்லால் எழுப்பி மேலே சிறு விமானம் வைத்த அதன் வடிவம், தமிழ்நாட்டுச் சிறு கோயில் ஒன்றின் முன் நிற்கிறோமோ என்று எண்ண வைக்கும். அரியணை ஏறும் கண்டி மன்னர் தம் அரச பெயரை ஏற்றுக்கொண்டது இந்தத் தேவாலயத்தில் என்பது மரபு. தலதா மாளிகையை முதலில் இங்கே கட்டியவன் 1592இல் ஆட்சிக்கு வந்த முதலாம் விமலதர்மசூரியன். அவனுடைய கட்டடம் இன்று இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று மாறி மாறி வந்த படைகள் இந்த நகரத்தைப் பல தடவை எரித்திருக்கின்றன. கண்டியர் தாமே நகரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் போன தடவைகளும் உண்டு. எனவே, பழமையான சதுக்கம் என்று நாம் சொல்வதில் கண்ணுக்குத் தெரியும் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் உரியது. அதாவது நாயக்கர் காலத்தது.

மதுரையிலிருந்து வந்தவர்கள்

வீர நரேந்திரசிங்கன் 1739இல் வாரிசில்லாமல் இறந்தபோது, அவனுடைய மதுரை அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் மன்னனானான். அடுத்த 76 ஆண்டுகள் கண்டியை ஆண்டவர்கள் தெலுங்கும் தமிழும் தெரிந்த அந்த நாயக்கர் வழியினர். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெரு, தென்னிந்தியரை மலபார் என்று அழைத்த ஆங்கிலேயர் இட்ட மலபார் வீதி என்ற பெயரோடு கண்டியில் இன்னும் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த அரச குடும்பம் உள்ளூர்ச் சமயத்துக்கு யாரையும்விட அதிகமாகச் செய்து காட்ட வேண்டியிருக்கும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) அதைச் செய்தான். சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, 1753இல் உபாலி தேரர் வழியாக உபசம்பதை என்னும் முழுத் துறவு மரபை மீண்டும் நிறுவியது அவன் காலத்தில்தான். அதுவரை நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தெய்வங்களுக்கு உரியதாக இருந்த எசல பெரஹராவில், 1775 முதல் புனித தந்த தாது முன்னே செல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தவனும் அவன். இன்றைக்கும் ஊர்வலம் அந்த வரிசையில்தான் போகிறது: மாளிகை முதலில், பின்னர் நாத, விஷ்ணு, கதிர்காம, கடைசியில் பத்தினி. நான்கு தெய்வங்களில் மூன்றை எந்தத் தோட்டத்து மூதாட்டியும் தன் சாமி என்றுதான் கும்பிடுவாள். பெரஹரா காலத்தில் தோட்டங்களிலிருந்து லொறி பிடித்து வந்து நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடிக்கும் நம் சனங்களுக்கு, இந்த வரிசையை ஒழுங்கு செய்தவன் மதுரைக்காரன் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சதுக்கத்துக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணசாமி என்ற பெயருடன் பிறந்து, 1798இல் தலைமை அமைச்சரான பிலிமத்தலாவை அதிகாரின் ஆதரவோடு, இருபது வயதுகூட நிறையாத நிலையில் அரியணை ஏறியவன். பத்திரிப்புவ, அகழி, விளக்கு ஏற்றும் சிறு மாடங்களோடு மேகம்போல வளைந்து போகும் மதில் எல்லாம் அவன் கட்டுவித்தவை. வடிவமைத்த சிற்பாசாரி தேவேந்திர மூலாச்சாரி. 1807இல் தொடங்கி, மாளிகைக்கு முன்னால் இருந்த திகொல் வயல்வெளியை நீரில் ஆழ்த்திக் குளமாக்கியதும் அவன்தான். சதுக்கத்தின் தெற்கு எல்லை அன்றிலிருந்து தண்ணீராயிற்று. வயலில் நடமாடிய பக்கம் அடைபட்டது. மாளிகைக்கு வருகிறவர்கள் அணைக்கட்டு வழியாகவும் மேற்குத் தெரு வழியாகவும்தான் வர முடியும் என்றாயிற்று. மன்னன் பத்திரிப்புவவில் தோன்றுவான், குடிகள் கீழே முன்றிலில் நிற்பார்கள். ஆளுகிறவர் மேலே, ஆளப்படுகிறவர் கீழே என்ற அந்த அமைப்பு இன்றுவரை இந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

குளமும் மதிலும் ராஜகாரிய ஊழியத்தால் எழுந்தவை. கூலி இல்லை. பயனற்ற வேலை என்று பிரதானிகள் முறுமுறுத்தார்கள். மறுத்தவர்கள் குளத்தின் அடியிலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது. 1814 மே மாதத்தில் நடந்ததோ வெறும் கதை அன்று. ஆங்கிலேயர் பக்கம் போய்விட்ட எஹலப்பொல அதிகாரின் பிள்ளைகள் தேவாலயங்களுக்கு அருகே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மனைவி போகம்பரைக் குளத்தில் ஆழ்த்தப்பட்டாள். மூத்தவன் தயங்கி நின்றபோது இளையவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்பதை இலங்கையில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் படித்திருக்கிறோம். அவனுடைய சிலை இன்று மகா மளுவப் பகுதியில் இருக்கிறது. கொன்ற மன்னனுக்கு இங்கே சிலை இல்லை. அவனைத் தேடிப் போகிறவர்கள் வேலூரில் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்குப் போக வேண்டும்.

1815 மார்ச் 2

1815 பெப்ரவரி 18ஆம் திகதி மன்னன் மெதமகாநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். பன்னிரண்டு நாட்கள் கழித்து, மார்ச் 2ஆம் திகதி, மகுல் மடுவவில் ஆளுநர் ரொபட் பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடினார்கள். செதுக்கிய மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த மண்டபத்தை 1783இல் கட்டத் தொடங்கியவன் ராஜாதி ராஜசிங்கன். நாயக்க மன்னன் தொடங்கிய மண்டபத்தில் நாயக்கர் ஆட்சி முடித்துவைக்கப்பட்டது. உடன்படிக்கை வாசிக்கப்படுவதற்கு முன்பே ஏற்றிய ஆங்கிலேயக் கொடியை வாரியப்பொல ஸ்ரீ சுமங்கல தேரர் இறக்கி மிதித்தார் என்ற கதை இந்த நாளோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

கண்டி உடன்படிக்கையில் 12 சரத்துகள். பாடப்புத்தகம் ஐந்தாவதில் நின்றுவிடும்: பௌத்த சமயத்தையும் அதன் ஸ்தலங்களையும் காப்பதாக ஆங்கிலேயர் கொடுத்த வாக்கு. அதற்கு முன்னால் வரும் முதல் மூன்றையும் வரிசையாக வாசிக்க வேண்டும். முதலாவது சரத்து மன்னனின் கொடுமைகளைச் சொல்கிறது. இரண்டாவது, அவனைப் பதவி நீக்கி, அவன் குடும்பத்தை எல்லாக் கிளைகளோடும் என்றென்றைக்கும் அரியணையிலிருந்து விலக்கி, மலபார் இனத்துக்குக் கண்டி மாகாணங்களை ஆள எந்த உரிமையும் இல்லை என்கிறது. மூன்றாவது இன்னும் ஓரடி போகிறது: மன்னனின் உறவினர் எல்லோரும் எதிரிகள், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவர்கள் உள்ளே வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை, ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் யாரும் அனுமதியின்றித் திரும்பக் கூடாது.

ஒரு மனிதனின் கொடுமை மூன்றே சரத்துகளில் ஓர் இனத்தின் குற்றமாகிவிடுகிறது. என் பார்வையில் இந்தச் சதுக்கத்தின் வரலாற்றில் மிக முக்கியமான நகர்வு இதுதான். கொடுமை உண்மை, அதை மறைத்து எழுத வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் பிரவுன்றிக்குக்கு அந்தக் கொடுமை வசதியாகவும் இருந்தது. படையெடுப்புக்கு நியாயம், பிரதானிகளுக்குக் காரணம், மாற்று வாரிசு எவனும் எழாமல் இருப்பதற்கான பூட்டு எல்லாம் அதிலேயே கிடைத்தன. 1803இல் ஆங்கிலேயர் தாமே முத்துசாமி என்ற நாயக்கனைக் கண்டி அரியணையில் உட்காரவைக்கப் பார்த்துத் தோற்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அப்போது மலபார் இனம் அவர்களுக்கு உவப்பாகத்தான் இருந்தது.

மன்னன் 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான்.

அதே அரசு, சில ஆண்டுகளுக்குள், அதே மாகாணங்களுக்குத் தமிழ் ஆண்களைத் தேடி ஆள் அனுப்பியது. கண்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், கம்பளைக்கு அருகே சின்னபிட்டியவில் 1820களின் நடுவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். மன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டங்கள் அந்தக் காலத்தில் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. சரத்தை மீறியதாக இதைச் சொல்ல முடியாது. அனுமதியின்றித் திரும்பக் கூடாது என்றுதான் அது சொன்னது. அனுமதி கொடுப்பது அரசின் கையில் இருந்தது. ஆள வந்தால் எதிரி, மண்வெட்டியோடு வந்தால் அனுமதி. மலையகத் தமிழரின் இருப்பு என்றைக்கும் யாரோ ஒருவருடைய அனுமதிச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்ததன் முதல் வரைவு மகுல் மடுவவில் எழுதப்பட்டது என்று நான் வாசிக்கிறேன்.

வெள்ளைக்காரரின் முன்றில்

அரசன் போன பிறகு அரண்மனை அலுவலகமாயிற்று. கண்டியின் முதல் வதிவிடப் பிரதிநிதி ஜோன் டொய்லி இங்கிருந்து நிர்வாகம் செய்தார். 1824இல் இறந்து, மாளிகைக்குப் பின்னால் உள்ள பழைய படையினர் மயானத்தில் கிடக்கிறார். மகுல் மடுவவில் நீதிமன்றம் கூடியது. குளக்கரையில் அரசியர் நீராடிய மண்டபம் வேறு வேலைகளுக்குக் கை மாறியது. மேற்கு மூலையில் துல்லேவ அதிகாரின் வளவு இருந்த இடத்தில் பின்னாளில் குயின்ஸ் ஹோட்டல் எழுந்தது. 1843இல் தேவாலயங்களுக்கு நடுவே புனித பவுல் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பெரஹரா புறப்படும் வெளியில், நாத தேவாலயத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் பார்த்தது தற்செயலாக இருந்திருக்க முடியாது.

புதிய ஆட்சிக்கும் இந்த முன்றில் எதற்காக என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. 1817–18 ஊவா எழுச்சியின்போது புனித தந்த தாது மாளிகையிலிருந்து ஒளித்துக் கொண்டுபோகப்பட்டது. அது மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் எழுச்சி தளர்ந்தது. தாது யாரிடமோ நாடு அவரிடம் என்று கண்டியர் நம்புகிறார்கள் என்பதை அவர்கள் அப்போது நேரில் கண்டுகொண்டார்கள். அதற்குப் பின், 1828 மே 29ஆம் திகதி, ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில், 53 ஆண்டுகள் கழித்துத் தாது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சதுக்கத்திலேயே தற்காலிக மண்டபம் போட்டு, யானை மேல் கொண்டுவந்து நடத்தினார்கள். கிறிஸ்தவ ஆளுநர் ஒருவர் பௌத்த மன்னரின் இடத்தில் நின்று நடத்திய திருவிழா அது. இங்கிலாந்தில் மிஷனரிமார் கொதித்தார்கள். ஆங்கிலேய அரசு தாதுவின் பொறுப்பை முழுவதுமாகக் கைவிட 1853 ஆயிற்று.

1848 எழுச்சியில் இந்த இடத்தின் மற்றப் பக்கம் தெரிந்தது. துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, வீதி வேலைக்கு ஆறு நாள் ஊழியம் என்று டொறிங்டன் ஆளுநர் விதித்தவற்றை எதிர்த்து, அந்த ஆண்டு ஜூலை 6ஆம் திகதி ஆயிரக்கணக்கானவர்கள் கண்டிக் கச்சேரி என்னும் அரச அலுவலகத்தின் முன் திரண்டார்கள். ஆகஸ்டில் புரன் அப்பு போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாப்பொல தேரர் காவி உடையோடேயே சுடப்பட்டார். முன்றிலில் கூடலாம், ஆனால் எதற்காக என்பதை அரசு தீர்மானிக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

கொழும்பு–கண்டி புகையிரதம் 1867இல் வந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்தார். வரவேற்புக்காக மகுல் மடுவவை நீட்டினார்கள். வீதிகளுக்கு ஆளுநர்களின் பெயர்கள் விழுந்தன. இன்றைய தலதா வீதி அன்று வோர்ட் வீதி. துரைமாருக்கு ஹோட்டலும் தோட்ட உரிமையாளர் சங்கமும் இங்கேதான். அவர்களுடைய தோட்டங்களில் வேலை செய்த ஆள் கண்டி நகரத்துக்கு வர வேண்டுமானால் என்ன நிலைமை? 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். கடன் தொகை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டம் ஆளை எடுக்காது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னால் பெரஹரா பார்க்க வந்த ஒவ்வொரு லயத்துக் குடும்பமும் கங்காணியின் தயவிலோ துரையின் விடுமுறையிலோதான் வந்திருக்கும்.

1954, ஒரே ஆண்டில் மூன்று

சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1954 ஜனவரியில் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய இந்திய வம்சாவளியினரை என்ன செய்வது என்பதற்கு இரு பிரதமர்களும் கண்ட வழி, நடைமுறையில் பலிக்கவில்லை. ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் அரசி கண்டிக்கு வந்தார். அவருக்காக ராஜ பெரஹரா நடந்தது. அதே ஆண்டிலேயே கெப்பட்டிப்பொலவின் மண்டையோடு நாடு திரும்பியது. ஊவா எழுச்சியை அடக்கப்போய் எழுச்சியின் தலைவனாக மாறி, 1818 நவம்பரில் போகம்பரையில் தலை வெட்டப்பட்டவர் அவர். கொல்லப்படுமுன் மாளிகைக்கு வந்து வழிபட்டுச் சென்றவர். இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் அந்த மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோயிருந்தார். அது மகா மளுவவில், மாளிகையைப் பார்த்தபடி புதைக்கப்பட்டு, மேலே நினைவுத்தூண் எழுந்தது.

அரசிக்கு ஊர்வலம் நடத்திய அதே சதுக்கம், அரசியின் மூதாதையரை எதிர்த்தவரை அதே ஆண்டில் மண்ணுக்குள் ஏற்றுக்கொண்டது. இதில் முரண் இருப்பதாக அப்போது ஆட்சியிலிருந்தவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அது பெரிய முரணாகப் படவில்லை. புதிய அரசு தன் பாரம்பரியத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தது. யாரைச் சேர்த்தார்கள் என்பது தூணில் தெரிகிறது. தோட்டங்களில் இருந்த இலட்சக்கணக்கானவர்களோ அந்த நேரத்தில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000, 3,00,000, 1,50,000 என்று பங்கு போட்டது: முதல் தொகை இந்தியாவுக்கு, இரண்டாவது இலங்கைக்கு, மூன்றாவது பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அதன் பின்னான ஆண்டுகளில் கண்டிக்கு வரும் தோட்டத்து ஆளின் சட்டைப்பையில் இந்திய உதவித் தூதரகத்துக்கான கடுதாசிகள் இருந்தன. மகா மளுவவைக் கடந்து போகிறவர்கள் வேறோர் அனுமதிக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் 1957. ஜூலை 26ஆம் திகதி, தமிழ்ப் பகுதிகளுக்குப் பிராந்திய சபைகள் தருவதாகச் சொன்ன பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம். அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன ஒக்டோபரில் கொழும்பிலிருந்து பாதயாத்திரை புறப்பட்டார். போய்ச் சேர வேண்டிய இடம் தலதா மாளிகை. இம்புல்கொடையில் வழி மறிக்கப்பட்டுத் திரும்பினார். அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தமே கிழிந்தது. வந்து சேராத யாத்திரைதான், ஆனாலும் சேருமிடத்தின் பெயரே அதற்கு வேண்டிய வலிமையைக் கொடுத்தது.

பின்னாளில் பதவியேற்கும் ஜனாதிபதிகள் பத்திரிப்புவவில் நின்று நாட்டுக்கு உரையாற்றுவது வழக்கமாயிற்று. ரணசிங்க பிரேமதாச 1989 ஜனவரி 2ஆம் திகதி பதவிப்பிரமாணத்தையே அங்கு செய்துகொண்டார். மன்னன் மேலே, குடிகள் கீழே.

குண்டும் வீதியும்

1989 பெப்ரவரியில், அப்போது ஆயுதக் கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஜே.வி.பி.யினர் (மக்கள் விடுதலை முன்னணி) மாளிகையைத் தாக்கினார்கள், முறியடிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுத் தாக்குதல் அளவில் வேறு. பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரப் பொன்விழா கண்டியில் நடக்கவிருந்தது, இளவரசர் சார்ல்ஸ் விருந்தினர். அதற்குப் பத்து நாட்கள் முன்னால் விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய லொறியை வீதி வழியே ஓட்டிவந்து மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். குழந்தை உட்படப் பலர் இறந்தார்கள். கூரையும் முகப்பும் சிதைந்தன. சுற்றியிருந்த பழைய கட்டடங்களும் அடிபட்டன. விழா கொழும்புக்கு மாறியது. அரசு புலிகள் இயக்கத்தைத் தடை செய்தது. பூச்சு உதிர்ந்த சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி மறைந்திருந்த பழைய ஓவிய அடுக்குகள் வெளிப்பட்டன. மாளிகை 1999க்குள் திருத்தப்பட்டது.

கண்டிப் பகுதித் தமிழருக்கு அதன் பின்வந்த காலம் அடையாள அட்டைக் காலம். வடக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத, வாழ்நாளில் மாத்தளைக்கு அப்பால் போகாத தோட்டத்து இளைஞர்கள் பிறந்த இடத்தையும் வந்த காரியத்தையும் சொல்லிச் சொல்லி நகரத்துக்குள் நடக்க வேண்டியிருந்தது. அன்று காலை வாசலில் செய்யப்பட்டதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதைச் செய்தவர்களோ இந்த மலைநாட்டில் அதற்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் யார் என்பதைப் பொருட்படுத்தவில்லை. இதைத் தமிழில் அழுத்திச் சொன்னவர்கள் குறைவு. சொல்ல வேண்டும்.

வீதி மூடப்பட்டதில் ஒரு நன்மை விளைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு பஸ்ஸும் லொறியும் மாளிகைக்கும் மகா மளுவவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தன. புல்வெளி ஒரு பக்கம், மாளிகை ஒரு பக்கம், இடையில் புகை. இன்று மலைநாட்டு நகரங்களில் ஒரு குடும்பம் பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய இடங்களைத் தேடினால், முதலில் வருவது இதுதான். பதிலுக்கு வாசல்களில் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அது இன்னும் இறுகியது.

பாரம் எங்கே போனது என்றால், குளக்கரை வீதிக்கு. சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தில் கண்டி இருக்கிறது. வாகனப் புகை வெளியேற இடமில்லை, வீதி அகலிக்கவும் இடமில்லை. பள்ளி விடும் நேரத்தில் சங்கராஜ மாவத்தையில் பஸ்ஸில் நிற்கிறவர்களைக் கேட்டால் தெரியும். வியாபாரிகளும் பயணிகளும் வீதியைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பௌத்த பீடங்களின் தலைவர்களான மகாநாயக்க தேரர்கள் உடன்படவில்லை. என் கருத்தில் தேரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அன்று. பாதுகாப்புக்காக மூடியது, நடப்பதற்கான வெளியாகிவிட்டது. அதைத் திரும்ப லொறிக்குக் கொடுக்கத் தேவையில்லை. ஊடறுத்துப் போகும் வாகனத்துக்கு வேறு வழி செய்யாமல் இத்தனை ஆண்டுகளைக் கடத்தியதுதான் தவறு. சுரங்கப்பாதை என்று ஒரு யோசனை பல அரசாங்கங்களாகப் பேச்சில் இருக்கிறது. அதுவரை, கார் வைத்திருப்பவரைவிட பஸ்ஸில் போகிறவரே இந்தப் புனிதத்தின் செலவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது

2020 ஓகஸ்ட் 12ஆம் திகதி புதிய அமைச்சரவை மகுல் மடுவவில் பதவியேற்றது. வடக்குத் தமிழரான டக்ளஸ் தேவானந்தா அமைச்சரானார்; மலையகத் தமிழரான ஜீவன் தொண்டமான் இராஜாங்க அமைச்சரானார். மூன்றாவது சரத்து வாசிக்கப்பட்டு 205 ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்றைய செய்திகளில் மண்டபத்தின் தொன்மை பற்றி நிறைய வந்தது. தோட்டத் தமிழரின் பிரதிநிதி ஒருவர், தமிழ் ஆண்களுக்குத் தடை எழுதிய கூரைக்குக் கீழே நின்று பதவி ஏற்கிறார் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பிறகு, புனித தந்த தாது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. வரிசைகள் நகரத்தின் எல்லாத் திசைகளிலும் நீண்டன. இரவு பகலாகத் தெருவிலேயே காத்திருந்தார்கள். கூட்டம் தாங்காமல் இனி வர வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. வரிசையில் நின்றவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 1828இல் சதுக்கத்திலேயே மண்டபம் போட்டுக் காட்டியதை 2025இல் மாளிகைக்குள்ளே காட்டினார்கள். சதுக்கம் காத்திருக்கும் இடமாகவே இருந்தது. அடுத்த முறை ஒழுங்கு செய்கிறவர்கள் பழைய முறையையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

மலையகப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கண்டிக்குக் கொண்டுவருகின்றன. மகுல் மடுவவின் தூண்களுக்கு முன்னால் குழுப்படம் எடுத்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அந்த ஆசிரியர்கள் மாணவர்களை அங்கேயே பத்து நிமிடம் உட்காரவைத்து, உடன்படிக்கையின் முதல் மூன்று சரத்துகளைத் தமிழில் உரக்க வாசிக்கச் செய்யலாம். பிறகு நாத தேவாலயத்துக்கும் மலபார் வீதிக்கும் நடத்திக்கொண்டு போகலாம். எல்லாம் நடை தூரத்தில்தான் இருக்கின்றன.